உதவித்தொகை யார் பெயரில்?

1913 மார்ச் 19 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடக்குழு கூடி, துறைமுகக் கழக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தரலாம் என்று பரிந்துரைத்தது. சீனிவாச ராமானுஜனின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஜனவரி 16 அன்று அவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதம், பிப்ரவரி 8 அன்று அங்கிருந்த கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி எழுதிய பதில், அடுத்த ஆண்டின் கப்பல் பயணம் என்று கதை விரைகிறது. மேதையை மேதை கண்டுகொண்டார் என்பதோடு நமக்கும் மனம் நிறைந்துவிடுகிறது. ஹார்டியின் பதிலில் பாராட்டு இருந்தது, நிரூபணங்களை அனுப்பச் சொல்லும் ஆவல் இருந்தது, சம்பளம் இல்லை. ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம் வாங்கும் எழுத்தர் என்றுதான் ராமானுஜன் ஹார்டியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் மாதம் 75 ரூபாய் என்பது ஆண்டுக்கு 60 பவுண்டு, அதாவது மூன்று மடங்கு. மே 1 முதல் அந்தப் பணம் வரத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் பகல் பொழுது முழுவதும் கணிதத்துக்கென்று கிடைத்தது. பதிலுக்கு அவர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே: மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தோம் என்று அறிக்கை தருவது. ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று, 1914 மார்ச்சில் கப்பலேறுவதற்குச் சில நாள் முன்பு ஒன்று என்று மூன்று அறிக்கைகளைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

விதிப்படி பார்த்தால் அந்தப் பணம் அவருக்குக் கிடைத்திருக்கவே கூடாது. முதுகலைப் பட்டம் உள்ளவர்களுக்குத்தான் உதவித்தொகை, ராமானுஜனோ பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்விலேயே தேறாதவர். ஆட்சிக்குழுவில் சிலர் இதைச் சொல்லித் தடுத்தபோது, உயர் நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சுந்தரம் அய்யர் பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டத்தின் முகவுரையை எடுத்து முன்வைத்தார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று அதில் இருக்கிறது, இவர் ஆராய்ச்சி செய்ய வல்லவர் என்பது தெரிந்துவிட்டது, பிறகென்ன தடை என்பது அவருடைய வாதம். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அதற்கு முன்பே, பிப்ரவரி 26 அன்று, பதிவாளருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பொறியியல் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் அனுமந்த ராவ் குழுவைக் கூட்டினார். இத்தனை பேரும் சேர்ந்து திறந்துவிட்டது பல்கலைக்கழகத்தின் கருவூலத்தை. இதற்கு முன்பு ஆர். இராமச்சந்திர ராவ் என்பவர் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். நல்ல மனிதர், மனமுவந்து கொடுத்தார். ஆனாலும் ஒருவருடைய தயவில் நெடுநாள் இருக்க மனம் ஒப்பாமல்தான் ராமானுஜன் எழுத்தர் வேலைக்கே போனார். இரண்டும் பணம்தான், இரண்டும் கணிதத்துக்காகத்தான். ஒன்றை வாங்கக் கூச்சம் இருந்தது. இன்னொன்றை அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்று வாங்க முடிந்தது.

அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கும் அதற்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கும் விண்ணப்பிக்கும் வழக்கத்தின் வரலாற்றை இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம் என்பது என் வாதம். ஆய்வாளரின் சோற்றுக்கும் வாடகைக்குமான பணம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விண்ணப்பத்தின் தன்மை அமைகிறது. பணம் பேராசிரியரின் பெயரிலோ ஒரு புரவலரின் கையிலோ இருந்தால், என்ன படிவத்தில் எழுதினாலும் விண்ணப்பம் ஒரு மன்றாட்டுதான். படிப்பதும் படிக்காமல் விடுவதும் அவர் விருப்பம். தகுதியையும் தொகையையும் முன்கூட்டி அறிவித்து, பணத்தை ஆய்வாளரின் பெயரிலேயே ஒதுக்கினால், விண்ணப்பத்துக்கு விடை சொல்லும் கடமை எதிர்த்தரப்புக்கு வந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து அறிவியல் உலகம் முதல் நிலையிலிருந்து இரண்டாவது நிலைக்கு மெல்ல நகர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பணம் பெருகிய காலத்தில், பெரும்பகுதி மறுபடியும் முதல் நிலைக்கே திரும்பிவிட்டது. இந்தத் திரும்பல் போதுமான அளவு பேசப்படவில்லை.

ஆரம்ப நிலை எப்படி இருந்தது என்பதற்கு மைக்கேல் ஃபாரடே சரியான சான்று. லண்டனில் புத்தகக் கட்டுநரிடம் தொழில் பழகிய அந்த இளைஞர் 1812-இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, தம் கையாலேயே அட்டை கட்டி டேவிக்கு அனுப்பினார். அதற்கு முன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. டேவி பதில் எழுதினார், ஆனால் வேலை காலியில்லை. 1813-இல் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டையில் இறங்கி வேலை இழந்தபோது டேவிக்கு ஃபாரடேயின் நினைவு வந்தது. மின்காந்தவியலின் அடித்தளத்தை அமைத்த மனிதர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது இப்படி: ஒரு பெரியவரின் நல்ல மனமும் இன்னொருவரின் அடிதடியும் ஒரே நேரத்தில் வாய்த்ததால். இதை நெகிழ்ச்சியான கதையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். டேவிக்கு நினைவு வராமல் போன புத்தகக் கட்டுநர்களின் பெயர்கள் நமக்குத் தெரியப்போவதில்லை.

ஜெர்மனியில் நிலைமை இன்னும் முறைப்பட்டிருந்தது. அதனாலேயே இன்னும் கடினமாகவும் இருந்தது. ஆராய்ச்சிப் பட்டத்தை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவை ஜெர்மன் பல்கலைக்கழகங்கள்தான். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு பேராசிரியராகும் வரை ஒருவர் தனிநிலை விரிவுரையாளராக இருந்தாக வேண்டும். அவருக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் தராது. தம் வகுப்புக்கு வரும் மாணவர் கட்டும் கட்டணமே வருமானம். 1917-இல் மியூனிக்கில் அறிவியலை வாழ்க்கைப் பணியாகக் கொள்வது பற்றி உரையாற்றிய மாக்ஸ் வெபர், சொத்தில்லாத இளைஞர் இந்த வழியில் இறங்குவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதில்தான் தொடங்கினார். லிசா மைட்னர் வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்று 1907-இல் பெர்லினுக்கு வந்தார். வேதியியல் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது அடித்தளத்தில் இருந்த பழைய தச்சுப்பட்டறை. மேல்மாடி ஆய்வுக்கூடங்களுக்குப் பெண் வரக்கூடாது என்பது நிபந்தனை. சம்பளம் கிடையாது. 1912-இல் மாக்ஸ் பிளாங்கின் உதவியாளராகும் வரை வியன்னாவிலிருந்து பெற்றோர் அனுப்பிய பணத்தில்தான் அணுக்கருவின் வரலாறு ஓடியது. அப்படி அனுப்ப முடிந்த பெற்றோர் இருந்தார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

அனுப்ப முடியாத பெற்றோரும் இருந்தார்கள். 1900-இல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் வாங்கிய ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் உதவியாளர் வேலை தேடி ஊர் ஊராக எழுதினார். 1901 மார்ச் 19 அன்று லைப்சிக்கில் வேதியியல் பேராசிரியர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டுக்கு எழுதினார், பதில் இல்லை, ஏப்ரலில் மறுபடி எழுதினார். ஏப்ரல் 12 அன்று மிலானிலிருந்து லைடன் நகரத்துக்கு, இயற்பியல் பேராசிரியர் கேமர்லிங் ஓன்னஸுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பினார். இன்றும் லைடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த அட்டையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உதவியாளர் இடம் காலியாக இருப்பதாக ஒரு கல்லூரித் தோழன் சொன்னான், நான்கு ஆண்டு கணிதமும் இயற்பியலும் படித்திருக்கிறேன், சான்றிதழ்களை அனுப்பத் தயார், சமீபத்தில் வெளியான என் கட்டுரையின் அச்சுப்படியை இதே தபாலில் அனுப்புகிறேன் என்று சில வரிகள். கூடவே பதில் எழுதுவதற்கென்று அஞ்சல் கட்டணம் செலுத்திய இன்னோர் அட்டையும் இணைந்திருக்கிறது. அது எழுதப்படாமலே இருக்கிறது. மறுநாள் ஏப்ரல் 13 அன்று, மகனுக்குத் தெரியாமல், தந்தை ஹெர்மான் ஓஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்: வேலை தராவிட்டாலும் பரவாயில்லை, அவன் கட்டுரையைப் படித்து ஊக்கமாக இரண்டு வரி எழுதுங்கள் என்று. இந்த ஓஸ்ட்வால்டுதான் பின்னாளில் ஐன்ஸ்டைனை நோபல் பரிசுக்கு முதன்முதலாக முன்மொழிந்தார். ஆகவே அவரைக் கொடியவராக்க வேண்டியதில்லை. அவருக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை; பிரச்சினை அவ்வளவுதான். ஐன்ஸ்டைனுக்குக் கடைசியில் வேலை கிடைத்தது காப்புரிமை அலுவலகத்தில். பின்னணியில் நண்பரின் தந்தை சொன்ன நல்ல வார்த்தை இருந்தது. ஆனால் அந்த இடத்தை அரசு இதழில் விளம்பரப்படுத்தினார்கள், அவர் விண்ணப்பித்தார், அலுவலகம் விடை சொன்னது.

இதற்கிடையே வேறோர் ஏற்பாடு வேரூன்றத் தொடங்கியிருந்தது. 1851-இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் மிஞ்சிய லாபத்தைக் கையாண்ட ஆணையம், 1891 முதல் குடியேற்ற நாடுகளிலும் பிரிட்டனின் மாகாணங்களிலும் இருந்த பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. மாணவரைப் பல்கலைக்கழகம் முன்மொழியும். அவர் செய்த ஆய்வு லண்டனுக்குப் போகும். அங்கே அதை மதிப்பிடுவார்கள். பணம் கிடைத்துவிட்டால் எங்கே போய் ஆய்வு செய்வது என்பது மாணவரின் முடிவு. நியூசிலாந்தில் பண்ணை வேலையும் பொறியியல் வேலையும் பார்த்த குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு இதற்கு முன்மொழியப்பட்டார். மதிப்பீட்டாளர்கள் முதலில் தேர்ந்தெடுத்தது மக்லாரின் என்ற வேதியியலாளரை. அவர் வேண்டாமென்று ஒதுங்கியதால் 1895-இல் ரதர்ஃபோர்டின் முறை வந்தது. அதே ஆண்டில்தான் கேம்பிரிட்ஜ் பிற பல்கலைக்கழகப் பட்டதாரிகளை ஆய்வு மாணவர்களாகச் சேர்க்கலாம் என்று விதியை மாற்றியது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜே. ஜே. தாம்சனின் கதவைத் தட்டியவரை உள்ளே விடத் தாம்சனுக்குச் செலவு எதுவும் இல்லை. ரதர்ஃபோர்டுக்கும் அதிர்ஷ்டம் உதவியதே என்று யாராவது சொல்லலாம். உதவியதுதான். ஆனால் ஃபாரடேக்கு வாய்த்த அதிர்ஷ்டம் வேறு வகை. ரதர்ஃபோர்டு இரண்டாம் இடத்தில் இருந்தார் என்பது பதிவாகியிருந்தது. முதலாமவர் விலகியதும் அடுத்தவர் யார் என்பதை எவரும் நினைவுகூரத் தேவையிருக்கவில்லை.

அமெரிக்காவில் 1876-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் முதல் ஆண்டிலேயே ஆளுக்கு 500 டாலர் வீதம் 20 ஆய்வு உதவித்தொகைகளைக் கொடுத்தது. அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த ஏற்பாட்டின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. 1878-இல் 'சி. லாட்' என்று கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று வந்தது. கணிதப் பேராசிரியர் சில்வெஸ்டருக்கு அந்தப் பெயர் இதழ்களில் வெளிவந்த கணக்குகள் வழியாக முன்பே தெரியும். சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் வற்புறுத்தினார். கிறிஸ்டின் லாட் ஒரு பெண் என்று தெரிந்தபோது அறங்காவலர்கள் தடுத்தார்கள், சில்வெஸ்டர் விடவில்லை. கடைசியில் ஒரு விசித்திரமான சமரசத்துக்கு வந்தார்கள்: உதவித்தொகையைக் கொடுத்தார்கள், உதவித்தொகை பெறுவோர் பட்டியலில் அவர் பெயரை அச்சிடவில்லை. 1882-இல் ஆய்வேட்டை முடித்தார், பட்டம் தரவில்லை. 44 ஆண்டுகள் கழித்து, 1926-இல், அவருடைய 78-ஆவது வயதில் தந்தார்கள். பெயரை மறைக்க வேண்டியிருந்தது என்பதிலேயே பெயருக்கிருந்த சக்தி தெரிகிறது. பணம் கையில் வந்ததால் ஆய்வு நடந்தது, தர்க்கவியலில் அவர் செய்த வேலை நிலைத்தது. பெயர் வராததால் பட்டத்துக்குக் கிழவியாகும் வரை காத்திருந்தார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு இந்த ஏற்பாடு முனைவர் பட்டத்துக்கு அடுத்த கட்டத்துக்கும் நீண்டது. 1919-இல் ராக்ஃபெல்லர் பணத்தில் அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் இயற்பியலிலும் வேதியியலிலும் ஆய்வு உதவித்தொகைகளைத் தொடங்கியது. ஓப்பன்ஹைமர் அப்படி ஒன்றைப் பெற்று 1927-28-இல் ஹார்வர்டிலும் கால்டெக்கிலும் இருந்தார். 1923-இல் தொடங்கிய ராக்ஃபெல்லர் பன்னாட்டுக் கல்வி வாரியத்தின் பணத்தில் ஹைசன்பெர்க் கோபன்ஹேகனுக்கு வந்தார். குவாண்டம் இயற்பியல் சில ஆண்டுகளில் உருவெடுத்ததற்கு இந்த நடமாட்டம் முக்கியக் காரணம். வாரியத்தின் நிபந்தனை ஒன்று கவனிக்கத்தக்கது: திரும்பிப் போனால் சொந்த ஊரில் வேலை காத்திருக்க வேண்டும். வேலை உறுதியில்லாதவருக்கு உதவித்தொகை இல்லை. அது பலரை வெளியே நிறுத்தியிருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு என்பதை முடிவில்லாத காத்திருப்புக் கூடமாக ஆக்கிவிடக் கூடாது என்ற எண்ணமும் அந்த நிபந்தனைக்குள் இருந்தது. அதை நாம் முற்றிலும் தொலைத்துவிட்டோம்.

தொலைத்தது 1945-க்குப் பிறகு. அரசாங்கங்கள் அறிவியலுக்குப் பணத்தைக் கொட்டின. 1950-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை பிறந்தது. அது 1952 முதல் இளைஞர்களுக்கு நேரடி உதவித்தொகைகளையும் கொடுத்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பணத்தின் பெருவெள்ளம் பாய்ந்தது வேறு வாய்க்காலில்: பேராசிரியர் ஒரு திட்டத்தை எழுதுவார், நிதி வாங்குவார், அந்த நிதியிலிருந்து ஆய்வாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பார். முனைவர் பட்டம் முடித்தவர் பரிசு பெற்றவராக இருந்த நிலை போய், இன்னொருவரின் திட்டத்தில் ஒரு செலவினமாக ஆனார். 1969-இல் அமெரிக்காவில் இந்த ஆய்வாளர்களைப் பற்றி வெளிவந்த ஒரு பெரிய அறிக்கைக்குக் 'கண்ணுக்குத் தெரியாத பல்கலைக்கழகம்' என்ற பொருளில் தலைப்பிட்டார்கள். அவர்கள் மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை, எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுக்கென்று அங்கே தேசிய அளவில் ஒரு சங்கம் அமைய 2003 வரை ஆயிற்று. இன்று ஓர் ஆய்வாளர் நூறு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பத்துப் பேரிடமிருந்து பதில் வந்தால் மகிழ்கிறார். தன்விவரம், ஆய்வுக் கட்டுரைகள், பரிந்துரைக் கடிதம் தரக்கூடியவர்களின் பெயர்கள் என்று அந்த மின்னஞ்சலில் இருப்பவை பெரும்பாலும் ஐன்ஸ்டைனின் 1901 அஞ்சலட்டையில் இருந்தவைதாம். அடியில் இருக்கும் நிலைமையும் மாறவில்லை: பணம் வாங்குகிறவரிடம் இல்லை, கொடுக்கிறவருக்குப் பதில் சொல்லும் கடமை இல்லை.

கடமை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கேத்ரின் மில்க்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 259 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 6,500-க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார்கள். முனைவர் பட்டத்தில் ஆர்வமுள்ள மாணவர் பத்து நிமிடம் சந்திக்க நேரம் கேட்கும் கடிதம் அது. கீழே இருந்த பெயர் மட்டும் மாறியது: வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், சீனர், இந்தியர், அவற்றில் ஆணும் பெண்ணும். வெள்ளை ஆண் பெயருக்குப் பதில் கூடுதலாக வந்தது. மற்றவர்களைச் சேர்த்துப் பார்த்தால் அலட்சியம் மிகுந்திருந்தது. இதைச் செய்த பேராசிரியர்களில் பெரும்பாலோர் தம்மைப் பாரபட்சமற்றவர் என்றே நம்பியிருப்பார்கள். பதில் எழுதாமல் விடுவது ஒரு செயலாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆய்வு என்பது குருவும் சீடரும் பல ஆண்டு நெருங்கி வேலை செய்வது. யாரோடு வேலை செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஆய்வுக்கூடத்தை நடத்துகிறவருக்கு வேண்டாமா? வேண்டும். 1923-இல் கே. எஸ். கிருஷ்ணனைச் சேர்த்துக்கொண்ட சி. வி. ராமனின் கண், எந்தத் தேர்வுக்குழுவின் கண்ணையும்விடக் கூர்மையாக இருந்திருக்கலாம். ஆனால் அதே ராமன், 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தபோது, பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்று வந்த கமலா பாக்வத்தைப் பெண் என்பதற்காக மறுத்தார். பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர் விடாமல் வாதாடியபின், ஓராண்டு தகுதிகாண் பருவம், மற்றவர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளோடு சேர்த்தார். அவர் பின்பு கேம்பிரிட்ஜில் 1939-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஒரே மனிதரின் கண் ஒரு பக்கம் கூர்மையாகவும் இன்னொரு பக்கம் குருடாகவும் இருந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் இருக்கட்டும். சோற்றுக்கான பணமும் அவரிடமே இருந்தால் அந்தக் குருடு விண்ணப்பதாரரின் விதியாகிவிடுகிறது. இதற்கு மாறாக, தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்த ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்று மிச்சிகன் பல்கலைக்கழகம் அறிவித்திருந்த பார்பர் உதவித்தொகையைப் பெற்றுத்தான் தாவரவியலாளரானார், 1931-இல் அங்கே டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அந்தப் பணம் அவரைப் போன்றவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. நீ ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க இடமில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: குழுக்களும் விதிகளும் மட்டும் என்ன யோக்கியம்? அன்னா மணிக்கு நேர்ந்ததை அதற்கு எடுத்துக்காட்டலாம். சென்னையில் பட்டம் பெற்று, 1940-இல் உதவித்தொகையோடு பெங்களூர் சென்று, ராமனின் கூடத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்து, தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 1913-இல் ராமானுஜனுக்காக வளைத்த அதே நிபந்தனை, அதே பல்கலைக்கழகம். அன்று தீர்மானித்தது உதவித்தொகையை, இப்போது பட்டத்தை என்ற வேறுபாடு உண்மைதான். ஆனாலும் சட்டத்தின் முகவுரையை எடுத்துப் படிக்க ஒரு நீதிபதி இந்த முறை எழவில்லை. விதியைத் தளர்த்துவதும் ஒருவரின் தயவாக இருக்கும்வரை விதி பாதி வேலைதான் செய்கிறது. ஸ்வீடனில் நடந்தது இந்த மறுப்பை இன்னும் கூர்மையாக்குகிறது. அங்கே மருத்துவ ஆய்வு மன்றத்தின் முனைவர் பட்டப் பின்னாய்வு உதவித்தொகைக்கு 1995-இல் 114 பேர் விண்ணப்பித்தார்கள். கிறிஸ்டினே வென்னெராஸும் ஆக்னெஸ் வோல்டும் மதிப்பெண்களை ஆராய்ந்து 1997-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: ஆணுக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு ஆய்வு செய்திருக்க வேண்டியிருந்தது, குழுவில் ஒருவரோடு தொடர்பிருந்தால் மதிப்பெண் கூடியது. ஆக, குழுவும் பாரபட்சம் காட்டியது. ஆனால் அந்தப் பாரபட்சத்தை நாம் எப்படி அறிந்தோம்? மதிப்பெண்களை எழுதி வைத்திருந்தார்கள். ஸ்வீடனின் பொது ஆவணச் சட்டம் அவற்றைத் திறக்க வைத்தது. ஓஸ்ட்வால்டு மேசையிலிருந்த கடிதங்களை யாரும் அப்படித் திறந்து கணக்கெடுக்க முடியாது. திருத்துவதற்கு முதலில் தவறு ஓரிடத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

இந்தியா இந்த விஷயத்தில், பலரும் ஒப்புக்கொள்ளத் தயங்கினாலும், ஒரு நல்ல காரியத்தைச் செய்திருக்கிறது. 1984 முதல் தேசிய அளவில் தேர்வு நடத்தி இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) தருகிறது. அறிவியல் பாடங்களுக்கு அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், பல்கலைக்கழக மானியக் குழு ஆகிய இரண்டின் சார்பிலும் நடக்கும் நெட் தேர்வு அது. 'ஜேஆர்எஃப் கிளியர் பண்ணிட்டான்' என்று ஆய்வு மாணவர்களிடையே சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு விடுதலை இருப்பதைக் கேட்கலாம். அந்தப் பணம் மாணவரின் பெயரில் வருகிறது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் எந்த நெறியாளரிடமும் போகலாம். 2019-இல் 25,000-இலிருந்து 31,000 ஆகவும் 2023-இல் 37,000 ஆகவும் மாதத் தொகை உயர்ந்ததற்கு ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதும் காரணம். நாடு முழுவதும் ஒரே தொகை, ஒரே விதி என்று இருப்பதால்தான் அவர்களால் ஒன்றாகக் கேட்க முடிந்தது. ஒவ்வொருவர் சம்பளமும் ஒவ்வொரு பேராசிரியரின் திட்டத்தில் இருந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

தேர்வு ஆராய்ச்சித் திறனை அளக்காது என்பதை முழுமையாக ஏற்கிறேன். எஃப்.ஏ.வில் தோற்ற ராமானுஜன் நெட்டிலும் தோற்றிருப்பார். மூன்று மணி நேரத்தில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கலையும், விடை தெரியாத கேள்வியோடு மூன்று ஆண்டு வாழும் பொறுமையும் வேறு வேறு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருப்பதால், தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கு ஒரு கால் கட்டப்பட்டிருக்கிறது. இந்தக் குறைகள் தேர்ந்தெடுக்கும் முறையில் இருப்பவை. பணத்தை ஆய்வாளரின் பெயரில் தருவதில் இருப்பவை இல்லை. தேர்வுக்குப் பதிலாக 1851 ஆணையம் செய்ததுபோல் செய்து முடித்த ஒரு சிறு ஆய்வை மதிப்பிடலாம். சென்னை செய்ததுபோல் காலாண்டு அறிக்கையை நிபந்தனையாக்கலாம். வினாத்தாளை மாநில மொழிகளில் தரலாம். இவை எதற்கும் பணத்தைப் பேராசிரியரிடம் கொடுக்கத் தேவையில்லை. நம் ஊரில் நடப்பதோ தலைகீழ்: தேர்வின் குறையைக் காட்டி, ஆளை நெறியாளரே எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள், திட்ட உதவியாளர் பணிக்கு ஒருநாள் நேர்காணல் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு ஆணை வருமா வராதா என்று காத்திருக்க வைக்கிறார்கள்.

மிகப் பெரிய ஓட்டை முனைவர் பட்டத்துக்கு அப்பால் இருக்கிறது. இளநிலை, முதுநிலை உதவித்தொகை இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டோடு முடிகின்றன. ஆய்வேடு பெரும்பாலும் அதற்குள் முடிவதில்லை. ஒப்படைத்த பிறகும் வாய்மொழித் தேர்வு நடக்கும்வரை மாதங்கள் ஓடும். அந்த மாதங்களுக்குப் பணம் இல்லை. அதன் பிறகு சொந்தப் பெயரில் கிடைக்கக்கூடிய பின்னாய்வு உதவித்தொகைகள் இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கையில் குறைவு; முடிவுக்குக் காத்திருக்கும் காலம் நீளம். அந்த இடைவெளியில் முப்பதை நெருங்கும் ஒருவர், வீட்டில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதுகிறார். ஆய்வேட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அதே தொகையை அதே பெயரில் நீட்டித்தால் இந்த இடைவெளி அடைபடும். பின்னாய்வு உதவித்தொகைக்கான விளம்பரத்திலேயே முடிவு தெரிவிக்கும் தேதியையும் மதிப்பெண்ணைக் கேட்டுப் பெறும் வழியையும் அச்சிட்டால், விண்ணப்பித்தவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியும்.